சிவப்பு நூலில் ஓரம் தைத்த துணிகள்

அன்புள்ள அக்கா,

முதலில் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தவுடன் நீங்கள் கேட்பதும் அதைத்தானே.

மூத்தவள் போன கிழமை நீச்சல் குளத்தில் இருநூறு மீற்றர் நிற்காமல் நீந்தினாள். அதற்குக் கொடுத்த சின்னத்தை அவளுடைய நீச்சல் உடுப்பில் நான்தான் தைத்தேன். வகுப்பில் புத்தகம் வாசிக்கச் சொன்னால் ஆசிரியை இவளைத்தான் முதலில் எழுப்புகிறாராம். வந்து இரண்டு வருடம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் இருந்துகொண்டு கேட்கிறார்களாம். நடுவிலான் பின்னால் பூட்டியிருந்த சின்னச் சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் ஓடுகிறான். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவான், அதுவும் தமிழில். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டதால் எழுபத்திரண்டு மட்டும் கொஞ்சம் காற்றாகப் போகிறது. சின்னவனுக்குப் பதின்மூன்று மாதம், ஆறு பல். குசினிக் கதவிலிருந்து ஜன்னலடி ஹீற்றர் வரைக்கும் ஒன்றையும் பிடிக்காமல் நடக்கிறான். எதைக் கையில் கொடுத்தாலும் "தக்" என்கிறான். அந்த நன்றியை அவனுடைய காதில் ஓதிக்கொண்டே இருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். மருமகன் இரண்டாந்தரம் போய்க் கார் ஓடுகிற அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார். என்னுடைய பிள்ளைகள் என்பதற்காகச் சொல்லவில்லை அக்கா, இந்தப் படிக்கட்டில் வேறு எந்த வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் இல்லை. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீர்கள்.

இன்று காலை நடுவிலானின் சாப்பாட்டுப் பெட்டியை உங்கள் துணியில் கட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் காட்டித்தந்த மாதிரித்தான். பெட்டியை நடுவில் வைத்து, நீண்ட இரண்டு முனைகளையும் மேலே கொண்டுவந்து ஒரு முடிச்சு. அப்போது ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் பிரிந்து தொங்கியது. சின்னவன் அதை எட்டிப் பிடித்து இழுத்தான். மடிப்பு ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து வந்தது. அவனுடைய கையைத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நூலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அம்மம்மா, எனக்குப் பள்ளிக்கு நேரம் போகுது!" என்று நடுவிலான் கத்திய பிறகுதான் கட்டி முடித்தேன்.

அதனால்தான் இந்த மடல். உங்களுக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரே பொய்யை இரண்டு தடவை. நீங்கள் இருந்தபோது அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வழி கிடைக்கவில்லை. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு டெனிஷ் எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து இது. இப்போது நீங்கள் இல்லாத இடத்தில், எந்தப் பாஷையில் எழுதினாலும் ஒன்றுதானே என்று துணிந்து எழுத இருந்துவிட்டேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம் மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் நான் இந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து இறங்கினேன். மருமகன் ஒரு வருடம் முந்தி வந்தவர். கொம்மூன் என்கிற நகரசபை எங்களுக்குத் தந்த வீடு மூன்றாம் மாடியில். உங்களுடையது அதற்கு நேர் கீழே. உடுப்புத் தோய்க்கிற இடம் நிலத்துக்கு அடியில், எல்லா வீட்டுக்கும் பொது. எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று சுவரில் ஒரு பலகை. அது எனக்கு விளங்கவில்லை. நான் பாட்டுக்கு இறங்கிப்போய், ஓடி முடிந்து நின்ற மெஷினைத் திறந்து, உள்ளே கிடந்த ஈர உடுப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு எங்களுடையதைப் போட்டேன். அது உங்களுடைய நேரம், உங்களுடைய உடுப்பு.

திரும்பிப் பார்த்தால் கதவடியில் நீங்கள். ஆள் சிறிது, என் தோளுக்கு வருவீர்கள். நெற்றிக்கு மேலே தலையைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாக ஒரு துணி. பலகையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து மேசையில் விரித்து, நான் எடுத்துப் போட்டிருந்த சின்ன உடுப்புகளை அதில் அள்ளி ஒரு முடிச்சுப் போட்டு, அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து சிரித்தீர்கள். எங்கள் உடுப்பு ஓடி முடியும்வரைக்கும் எனக்குத் துணைக்கு இருந்தீர்கள். பிழை விட்டவள் நான் என்பது பிறகு மூத்தவள் பலகையை வாசித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் உங்களைவிட அந்தத் துணியைத்தான் கூடப் பார்த்தேன். இரண்டு முழ நீளம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். துவாய் போல மொத்தம் இல்லை, கை துடைக்கிற லேஞ்சி போலச் சின்னதும் இல்லை. சாயம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எது நல்ல பக்கம், எது மறுபக்கம் என்று சொல்ல முடியாது. தெனுகுயி என்று உங்கள் நாட்டுப் பெயர் சொன்னீர்கள். நான் கடைசிவரைக்கும் உங்கள் துணி என்றுதான் சொன்னேன். வேலை செய்யும்போது அது தலையில். வெயிலுக்குக் கழுத்தில். சமைக்கும்போது கோப்பை துடைக்க. கடைக்குப் போனால் போத்தலைச் சுற்றிக் கட்டிவர. ஒருநாள் உங்களுடைய மரச்செருப்பின் வார் அறுந்தபோது அதைக் கட்டவும் அதுவே. நானும் விடவில்லை. உங்களிடம் ஒன்று வாங்கி, கோதுமை மாவை அதில் கட்டி ஆவியில் அவித்தேன். புட்டுக்கு அப்படி அவித்த மாவைப் பார்த்துவிட்டு, அரிசியை நீங்களும் அப்படித்தான் அவிப்பதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

எனக்கு ஒரேயொரு குறை இருந்தது. அந்தத் துணியின் இரண்டு முனைகளும் வெட்டியது வெட்டியபடி இருக்கும். மடிப்பும் இல்லை, தையலும் இல்லை. தும்பு தொங்கும். இவ்வளவு துப்புரவான மனிசி இதை மட்டும் ஏன் இப்படி விட்டிருக்கிறா என்று யோசிப்பேன்.

நமக்குள் பாஷை மூத்தவள்தான். உங்களுடைய டெனிஷ் இருபது வருடப் பழக்கம். கப்பலில் வேலை செய்த டெனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரை இங்கேயே அடக்கமும் செய்தவர் நீங்கள். என்னுடைய டெனிஷ் பத்துச் சொல். பள்ளிவிட்டு வந்ததும் அவள் நடுவில் இருந்து இங்கேயும் அங்கேயும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள். பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதன் அர்த்தத்தை நீங்கள் ஒருநாள் அவளிடம் கேட்டீர்கள். அம்மாவின் அம்மா என்றாள். "மோர்மோர்!" என்று கையைத் தட்டினீர்கள். இந்த நாட்டிலும் அதை அப்படியே சொல்லுகிறார்களாம், அம்மாவின் அம்மா என்று. அன்றிலிருந்து என்னைவிட ஐந்து வயது மூத்த நீங்களும் என்னை அம்மம்மா என்றே கூப்பிட்டீர்கள். நான் உங்களை அக்கா என்றேன். யாரும் குறை சொல்லவில்லை.

இனித்தான் சொல்ல வந்த விஷயம்.

அடுத்த வருடம் மாசி மாதம். மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வெளியே பனி முழங்காலுக்கு. நீங்கள் ஒரு பெரிய சதுரத் துணியில் பொட்டலம் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தீர்கள். அவிழ்த்தால் உள்ளே ஆறு துணிகள். அலை போட்டது, புள்ளி போட்டது, இலைக்கோலம் போட்டது. அவற்றோடு அச்சு ஒன்றும் இல்லாத ஒரு வெள்ளைத் துணிச் சுருள்.

நீங்கள் சொல்லச் சொல்ல மூத்தவள் சொன்னாள்: "அம்மம்மா, இதெல்லாம் பிறக்கப்போற பிள்ளைக்காம். இலை போட்டதைச் சுத்தினால் பிள்ளை நேரா வளருமாம், நோய் வராதாம். இந்த வெள்ளை அம்மான்ரை வயித்திலை சுத்திறதுக்காம். பிறகு பிள்ளைக்கும் உதவுமாம்."

நீங்கள் வெள்ளைச் சுருளை விரித்து, கையால் அளந்து, ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தீர்கள். சர்ர் என்று கிழிந்தது.

அக்கா, எங்கள் ஊரில் புது வெள்ளைத் துணியைக் கிழிக்கிற சத்தம் செத்த வீட்டில்தான் கேட்கும். நாடியைக் கட்ட ஒரு கீலம். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு கீலம். ஓரம் தைக்காத வெள்ளை என்றால் அது போகிறவர்களுக்கு உரியது. அதைக் கர்ப்பிணியின் முன்னால் விரிக்கவே மாட்டோம்.

அதோடு போயிருந்தாலும் நான் தேறியிருப்பேன். நடுவிலானுக்குப் பிறகு மகளுக்கு ஊரில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அது அழவில்லை. அதைச் சுற்றிக் கொடுக்கத் துணி கிழித்தது நான். மகள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். சுவர் இருந்தாலும் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறந்ததில்லை. தனக்கு ஒரு தங்கச்சி பிறந்தது மூத்தவளுக்குத் தெரியவே தெரியாது. அவளைத்தான் அன்றைக்கு நமக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தோம்.

நான் மகளைப் பார்த்தேன். அவளுடைய கை வயிற்றில் இருந்தது. நான் உங்களிடம் "தக்" என்றேன். நீங்கள் சந்தோஷமாக இறங்கிப் போனீர்கள்.

"அம்மா," என்றாள் மகள், "அதை இந்த வீட்டுக்குள்ளை வைக்கவேண்டாம்."

"தந்ததைத் திருப்பிக் குடுக்கிறதோ? மனிசி என்ன நினைக்கும்?"

"அப்ப என்ன செய்யிறது?"

"ஓரம் தைக்கிறன். மடிச்சுத் தைச்சிட்டால் அது வேறை துணி. உடுக்கிற ஆக்களின்ரை துணி."

பழைய சாமான் கடையில் மருமகன் எடுத்துவந்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு மத்தியானம் அதை மிதித்து, ஆறு துணிக்கும் நீங்கள் கிழித்த வெள்ளைக்கும் ஓரம் அடித்தேன். வெள்ளை நூல் கூடாது என்று, என் கூறைச்சேலை ரவிக்கைக்கு வாங்கிய சிவப்பு நூலை எடுத்தேன். இரட்டைத் தையல். ஒவ்வொரு துணியின் மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன். மருமகன் வேலையால் வந்து கதவடியில் நின்று, "மாமி, உந்த மெஷின் அடிக்கிற அடியிலை பிள்ளை பயந்து இண்டைக்கே வெளியிலை வந்திடும்" என்றார். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு எனக்கும் பாதிப் பயம் போனது.

மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். துணிகளை அடுக்கிக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், என் தையல் நேராக இருக்கும். நீங்கள் ஒன்றை எடுத்து ஓரம் முழுக்க விரலால் தடவினீர்கள். மஞ்சள் கறையில் விரல் கொஞ்சம் நின்றது. ஏன் என்று கேட்டீர்கள். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த பத்தில் ஒன்று; பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிற சொல். மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். உங்களுக்கு எதைச் சொல்லும்படி அவளிடம் கேட்பது? உங்கள் துணியைப் பிணத்தின் துணி என்று நினைத்தேன் என்றா? உன்னுடைய தங்கச்சியை அப்படிச் சுற்றித்தான் கொடுத்தேன் என்றா?

"ஸ்முக்" என்றேன். அழகு என்பதற்கு அந்தச் சொல் போதும். அதுதான் முதல் பொய்.

நீங்களும் மெல்லத் தலையை ஆட்டி, "ஸ்முக்" என்றீர்கள்.

வைகாசியில் பிள்ளை பிறந்தான். அழுத அழுகையில் ஆஸ்பத்திரி முழுக்க எழும்பியது என்று மருமகன் சொல்லுகிறார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறு நுனியைப் பிடிக்க, மகள் நடுவில் நின்று சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த வெள்ளைத் துணி அவளுடைய வயிற்றில் இறுக்கமாக ஏறியது. எங்கள் ஊரிலும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிறு கட்டுவோம் என்று சொன்னதும் உங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு மிளகு போட்டு வைத்த சரக்குக் கறியை மூக்கால் தண்ணீர் ஓட ஓடக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி இலைக்கோலத் துணியில் ஏந்தினீர்கள். நான் அந்தச் சிவப்பு ஓரத்தைப் பார்த்துக்கொண்டேன். என் தையல்தான் காவல் நின்றது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பால் வந்ததுதான் அடுத்த பிழை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. கீழே முற்றத்துக் கொடியில் உங்களுடைய சொந்தத் துணிகள் ஐந்து மேற்குக் காற்றில் படபடத்துக்கொண்டு நின்றன. அவற்றின் தும்பும் அப்படியே தொங்கியது. தனியாக இருக்கிற மனிசி, தைக்காத வெள்ளையை நாளும் தலையில் கட்டிக்கொண்டு திரிகிறாவே என்று எனக்குப் பயமாக இருந்தது. உங்களுக்கும் ஒரு காவல் போடுவோம் என்று ஐந்தையும் உருவிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பின்னேரம் நீங்கள் காணாமல் தேடிக்கொண்டு வந்தபோது, ஸ்திரிக்கை போட்டு மடித்து, மேலே ஒரு தட்டுப் பயத்தம் பணியாரமும் வைத்து நீட்டினேன். ஐந்துக்கும் சிவப்பு ஓரம்.

நீங்கள் பணியாரத்தைத் தொடவில்லை. கடும் நீலத்தில் பெரிய எழுத்துப் போட்ட ஒரு துணியை மட்டும் எடுத்து விரித்தீர்கள். அது உங்கள் அப்பா துறைமுகத்தில் நடத்திய கருவாட்டுக் கடையின் பெயர் என்றும், வருடப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க அடித்தது என்றும், கடையும் இல்லை, அப்பாவும் இல்லை, அந்தத் துணியில் இனி இதுதான் மிச்சம் என்றும் நீங்கள் முந்தியே சொல்லியிருந்தீர்கள். கடைசி எழுத்தின் வால் என் மடிப்புக்குள்ளே போயிருந்தது. நீங்கள் அந்த இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் அவசரப்பட்டு, "ஸ்முக்" என்றேன்.

அது இரண்டாவது.

நீங்கள் அதைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு பணியாரத்தைக் கடித்து, "மிக்க அழகு" என்று டெனிஷில் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

தையல் என்ன செய்தது என்று ஆவணியில் தெரிந்தது. கரையிலிருந்து வருகிற மீன் வண்டியில் நாம் இரண்டு பேரும் பெரிய மீனாக ஒன்று வாங்கி, உங்கள் குசினியில் வெட்டினோம். வழுக்கிய கத்தி உங்களுடைய உள்ளங்கையில் இறங்கியது. நான் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. மற்றக் கையால் தலைத்துணியை உருவி, ஓரத்தைப் பல்லில் வைத்து இழுத்தீர்கள். கிழியவில்லை. இன்னொரு பக்கம் இழுத்தீர்கள். என் இரட்டைத் தையல் அசையவில்லை. இரத்தம் முழங்கையால் வடிகிறது. கத்தரிக்கோல் எங்கே என்று நான் லாச்சி லாச்சியாகத் திறக்கிறேன், கரண்டிதான் வருகிறது. கடைசியில் முழுத் துணியையும் கையில் சுற்றி, பந்து மாதிரிக் கட்டிக்கொண்டு, மேலே இருந்த மூத்தவளையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் ஓடினோம்.

அங்கே வாங்கில் இருக்கும்போதுதான் மூத்தவளை வைத்துச் சொன்னீர்கள். சொன்னதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

"அம்மம்மா, அது வேணுமெண்டுதான் தைக்காமல் விடுறதாம். ஓரம் மடிச்சால் தண்ணி நிண்டு காயாதாம், ஊத்தையும் சேருமாம். அவசரத்துக்குக் கிழிச்சுக் காயத்துக்குக் கட்டுறதுக்கும், செருப்பு வார் அறுந்தால் கட்டுறதுக்கும்தானாம். தும்பு கொஞ்ச நாளிலை தானா நிண்டிடுமாம். உங்கடை தையல் கப்பல் கயிறு மாதிரியாம்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. "எல்லாத்தையும் பிரிச்சுத் தாறன் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். நீங்கள் கட்டுப்போட்ட கையை ஆட்டி வேண்டாம் என்றீர்கள். "இருக்கட்டும். இது இப்போது நம் இரண்டு பேருடைய துணி" என்றீர்கள். மூத்தவள் அதைச் சொல்லிவிட்டு, தானாகவே, "ஏன் அம்மம்மா தைச்சனீங்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கும் நான், "எழும்பு பிள்ளை, வீட்டை போவம்" என்றேன்.

பிறகு நாள் அதிகம் இருக்கவில்லை. கார்த்திகையில் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். வயிற்றில் என்றார்கள். மருமகனோடு பஸ்சில் வந்து பார்ப்போம். ஒருநாள் மத்தியானம் மூத்தவளும் மருமகனும் குடிக்க ஏதாவது வாங்கக் கீழே போனார்கள். நாம் இரண்டு பேரும் தனியாக இருந்தோம், பாஷை இல்லாமல். உங்கள் தலைமாட்டில் கடைப் பெயர் போட்ட துணி மடித்தபடி இருந்தது. அதை எடுத்து விரித்து, உங்கள் முகத்தின்மேல் போட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் படுத்தீர்கள்.

"ஐயோ, என்ன அக்கா செய்யிறியள்! எடுங்கோ அதை!" என்று நான் பறித்து இழுத்தேன்.

உள்ளே நீங்கள் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, தணிந்தது. பிறகு நான் விளங்கிக்கொள்ளக்கூடிய சின்னச் சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னீர்கள். "எங்கள் நாட்டிலும் இப்படித்தான், அம்மம்மா. முகத்தில் வெள்ளைத் துணி." நெற்றியிலிருந்து நாடிவரைக்கும் கையால் மூடிக் காட்டினீர்கள். பிறகு வயிற்றைத் தொட்டு, குழந்தையை ஏந்துவதுபோலக் கையை ஆட்டி, "அதற்கும் அதே துணி. வரவும், போகவும்" என்றீர்கள். சிவப்பு ஓரத்தை எனக்குக் காட்டி, "தெரியும். நீ தைத்தபோதே தெரியும்" என்றீர்கள்.

நான் உங்கள் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் பெருவிரலையும் சுட்டு விரலையும் சேர்த்து, அந்த ஓரத்திலிருந்து இல்லாத ஒரு நூலை உருவுவதுபோல மெல்ல இழுத்துக் காட்டினீர்கள். துணியை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினீர்கள். அதற்குள் மூத்தவள் தோடம்பழச் சாறோடு வந்துவிட்டாள். "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன். நீங்களும் அவளிடம் அதைத்தான் சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்து ஜன்னலடியில் இருந்து பிரித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க எடுத்தது. கப்பல் கயிறு என்று நீங்கள் சொன்னது சரிதான். ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, துணி நோகாமல் நூலை எடுத்தேன். மடிப்பு விரிந்தபோது அந்த எழுத்தின் வால் வெளியே வந்தது. மற்ற எழுத்தெல்லாம் தோய்த்துத் தோய்த்து வெளிறியிருந்தது. மடிப்புக்குள்ளே இருந்த அந்தத் துண்டு மட்டும் புது நீலம். என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. முழு எழுத்து என்று தெரிந்தது. ஊசி போன ஓட்டைகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் நனைத்து நகத்தால் தடவியதில் அவையும் கிட்டத்தட்ட மூடிவிட்டன.

தை மாதம் நீங்கள் போனீர்கள். உங்கள் கணவரின் முதல் தாரத்து மகன் கோப்பன்ஹேகனிலிருந்து வந்தார். நான் துணியை அவர் கையில் கொடுத்து, என் முகத்தை மூடிக் காட்டினேன். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. மூத்தவளும் கேட்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் தானே போட்டதாக அவர் எங்களிடம் வந்து சொன்னார். ஓரம் தைக்காத துணி அக்கா, நீங்கள் கேட்டபடி.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தது வேறு, நான் வாயால் சொல்லுவது வேறு. ஆகையால் சொல்லுகிறேன்: அழகுக்காகத் தைக்கவில்லை. பயத்தில் தைத்தேன். உங்கள் கையால் வந்ததைக் கண்டு பயந்தேன். அந்தப் பயத்துக்குள்ளே ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

இன்று நடுவிலான் பள்ளியால் வந்ததும் துணியைத் தோய்த்துப் பல்கனியில் போட்டேன். மகள் வந்து தொட்டுப் பார்த்தாள்.

"பிரிஞ்சு கிடக்கு. தைக்கேல்லையோ அம்மா?"

"விடு பிள்ளை. அப்பிடியே காயட்டும்."

அவள் அந்தத் தும்பை விரலில் சுற்றினாள். பிறகு வெளியே பார்த்தபடி, "அவளுக்கும் இப்ப நாலு வயசு இருக்கும்" என்றாள்.

"ஓம்" என்றேன். "சித்திரை வந்தால் அஞ்சு."

இரண்டு பேரும் அவ்வளவுதான் கதைத்தோம். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தரம்.

உங்கள் துணியிலிருந்து உருவிய சிவப்பு நூலை ஒரு மட்டையில் சுற்றி என் தையல் பெட்டிக்குள்ளே வைத்திருக்கிறேன். அதில் எதையும் தைக்கப்போவதில்லை. மற்றத் துணிகளை ஓரத்தோடுதான் பாவிக்கிறோம். பிரிகிறது பிரியட்டும், இருக்கிறது இருக்கட்டும். வெள்ளைச் சுருளில் மிச்சம் அலுமாரியில் இருக்கிறது. போன மாதம் நடுவிலான் சைக்கிளால் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தபோது அதை எடுத்து, பல்லால் ஒரு கடி கடித்து, இழுத்தேன். சர்ர் என்று வந்தது. அவனுடைய முழங்காலில் கட்டிவிட்டேன்.

ஒரு குறைதான் அக்கா. உங்களோடு எடுத்த படம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. போன வருடக் கோடையில் உங்கள் கணவரின் மகன் முற்றத்துக் கொடியடியில் எடுத்தது. நான் தெளிவாக இருக்கிறேன். என் கையில் சின்னவன் தெளிவாக இருக்கிறான். உங்களை மட்டும் கொடியில் கிடந்த துணி காற்றுக்கு எழும்பி மூடிவிட்டது. அப்போது அதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது என்னால் அதைச் சட்டம் போட்டு மாட்ட முடியவில்லை.

அதனால் அவருக்கு ஒரு கடிதம் போடுகிறேன். நான் சொல்ல மூத்தவள் டெனிஷில் எழுதுகிறாள். எழுத்து அச்சடித்த மாதிரி.

"முகம் தெரியிற புதுப் படம் ஒண்டு தபாலிலை அனுப்பச் சொல்லு" என்றேன்.

பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மம்மா, அவ செத்துப்போனா. பிறகெப்பிடிப் புதுப் படம்?"

"நாங்கள் பாக்காதது எங்களுக்குப் புதுசுதானே. எழுது."

எழுதிவிட்டாள். நாளைக்குத் தபாலில் போடுவோம். அவர் மறந்தாரென்றால் நீங்கள் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள் அக்கா. எந்த வயதுப் படம் என்றாலும் சரி, கப்பலில் எடுத்தது என்றாலும் சரி. தலையில் துணி கட்டியிருக்கலாம். முகத்தில் மட்டும் இருக்கக்கூடாது. அப்படி ஒன்று, புதிதாக, அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
அம்மம்மா